நாற்பத்தொரு சிவப்புக் குறிப்புகள்

பின்னூட்டத்தைக் கணினியில்தான் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் 2006இல் சுற்றறிக்கை அனுப்பியது. கணினி அனுப்பவில்லை. மாத்தளையில் தொலைக்கல்வி மாணவர்களின் ஒப்படைகளைத் திருத்தும் ஞானாம்பிகை, வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்து அதிபரின் கணினியைக் கெஞ்சி வாங்கி, ஒற்றை விரலால் தட்டி, றமீஸாவின் வரைவுக்கு நாற்பத்தொரு குறிப்புகள் எழுதினார். அவள் தந்த ப்ளாப்பி வட்டிலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு கிழமையில் இறுதிப் பிரதி வந்தது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. ஞானாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லேபொல ஆசிரியையான றமீஸா இந்தப் பாடத்தில் இரண்டு தரம் தவறியவள். மூன்றாவதும் போனால் பதிவே ரத்து. போகட்டும் என்று அவர் பேனையைத் திறந்தபோது, அவளே சிரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு பிழைகூட இல்லன்னு பாத்ததும் அழுதுட்டேன் மிஸ்."

"பிழை இல்லன்னு யாரு சொன்னது?"

அவள் பையிலிருந்து அச்செடுத்த வரைவை நீட்டினாள். ஓரத்தில் ஒரு குறிப்புமில்லாமல் பளிச்சென்று இருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே, தொலைபேசி பேசவும் அச்செடுக்கவும் ஊரார் போகும் மர்சூக்கின் கொமியூனிகேஷன் கடையில் எடுத்ததாம். இருவரும் அங்கே போனார்கள்.

"செவப்புச் செவப்பா ஓரத்துல தொங்கிச்சு டீச்சர்," என்றார் மர்சூக். "கெம்பஸுக்குக் குடுக்கிற தாள் இல்லையா? ஒவ்வொண்ணா அழிச்சுத்தான் பிரின்ட் எடுத்தேன். ப்ளாப்பியையும் கிளீன் பண்ணிட்டேன்."

வேறு பிரதி கிடையாது; நாற்பத்தொன்றும் ஞானாம்பிகைக்கு நினைவுமில்லை. அன்று புதன், வெள்ளிக்கிழமை புள்ளிப் பட்டியல் போக வேண்டும்; அதற்குள் றமீஸா திருத்தி எழுதினால்தான் உண்டு.

"என்ன எழுதியிருந்திச்சுன்னாவது தெரியுமா?" என்று கேட்டார் ஞானாம்பிகை.

"வாசிக்காம எப்படி டீச்சர் அழிக்கிறது?"

மர்சூக் ஒன்றிலிருந்து சொல்லத் தொடங்கினார். றமீஸா எழுதிக்கொண்டாள். தொலைபேசி எடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். பதினாறுவரை தடங்கலில்லை.

"பதினேழு மறந்துபோச்சு," என்றார், ஞானாம்பிகையைப் பார்க்காமல். "பதினெட்டு..."

பதினேழு மட்டும் ஞானாம்பிகைக்கு மறக்கவில்லை. காட்டுச் சேனைப் பயிருக்குக் காவலிருக்கப் படிப்பை நிறுத்திய தன் மாணவி ஒருத்தியைப் பற்றி றமீஸா எழுதியிருந்த பந்தி அது. பக்கத்தில் அவர் தட்டியிருந்தது: 'இதை எழுதியது நீங்கள்தானா? உங்களால் இப்படி எழுத முடியாதே.'

"பதினேழு என்ன மிஸ்?"

ஞானாம்பிகையை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நல்லா இருக்குன்னு எழுதியிருந்தேன். அதுல கை வைக்காதீங்க."

றமீஸா அதையும் எழுதிக்கொண்டாள்.

"ஆமா டீச்சர்," என்றார் மர்சூக். "இப்ப ஞாபகம் வருது."