ஸீரோ காட்டுனா அமுக்காதீங்க

அலீனா லாத்தா, இத உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நீங்களே வாசிச்சுக் காமிங்க. ஃபோன்ல சொன்னா உம்மா பாதியிலயே அழ ஆரம்பிச்சிடுவாங்க. அதான் மைக்க அமுக்கிட்டு பேசிப் பேசியே எழுத வைக்கிறேன். நடுவுல லாரி போனா ஏதாச்சும் கன்னாபின்னான்னு விழும், கண்டுக்காதீங்க.

அம்பத்தூர் சர்ஃபராஸ் காக்கா உங்களுக்குக் கூப்ட்டு, "ராஷித் வேலை போச்சு, மிஷினெல்லாம் வண்டில ஏத்தறாங்க"ன்னு சொன்னாங்களாம். வாப்பா உடனே ஜித்தா விசாவப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்களாம். வண்டி வந்தது உண்மைதான். ஆனா ஏத்தல. என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்றேன்.

நான் என்ன வேலை பாக்கறேன்னே உம்மாவுக்கு இன்னும் புரியலன்னு எனக்குத் தெரியும். மைனிங்னா மண்ணத் தோண்டறது இல்ல உம்மா, பிட்காயின்னு கம்ப்யூட்டர் காசு எடுக்கறது. ஷூ பொட்டிய விட கொஞ்சம் பெரிய மிஷினு. உள்ள கணக்கு போட்டுக்கிட்டே இருக்கும், மிக்ஸி ஓடற மாதிரி சத்தம் வரும், கிட்ட போனா அனல் அடிக்கும். ஒத்த மிஷினு தனியா ஓடுனா ஆயுசுக்கும் ஒண்ணும் சிக்காது. அதனால உலகம் பூரா இருக்கற ஆளுங்க ஒரே குரூப்புல சேந்துப்பாங்க. நம்ம கடக்கரையில கரைவலை இழுக்கறப்ப எல்லாரும் கயிறு பிடிப்பாங்கல்ல, மீனு விழுந்தா இழுத்தவனுக்கெல்லாம் பங்கு வரும்ல, அதேதான். யாரு எவ்வளவு இழுத்தாங்கன்னு குரூப்போட சர்வரு எழுதிக்கிட்டே இருக்கும். அந்த சர்வரு படுத்துடுச்சுன்னா நம்ம இழுக்கறோம், எழுத ஆளு இல்ல. அவ்ளோதான் பிரச்சனை.

இங்க நசரத்பேட்டையில ஷவுகத் அலி பாய்க்கு கிரில் கேட் அடிக்கற பட்டறை. மேல பூரா சோலாரு. பின்பக்க ஷெட்ல நாலு மிஷினு. ஒண்ணு பாயோடது. ஒண்ணு ஏசி மெக்கானிக் சரவணக்குமார் அண்ணனோடது. ரெண்டு கோமளா மேடத்தோடது, குமணன்சாவடி ஃப்ளாட்ல இருக்காங்க, ஐடி வேலை. நாலையும் வெயில் அடிக்கற வரைக்கும் ஓட்டறது, தூசி தட்டறது, சூடு பாக்கறது, எல்லாம் நான்தான். மூணு பேரும் சேந்து சம்பளம் தர்றாங்க. மிஷினு போனா நானும் போக வேண்டியதுதான்.

போன வாரம் குரூப் சர்வரு படுத்துச்சு. கொஞ்ச நேரம் எந்திரிக்கும், திரும்பப் படுத்துக்கும். "சரி பண்ணிட்டிருக்கோம்"னு அவங்க வெப் பக்கத்துல போட்டுட்டாங்க, அதுக்கு மேல பதில் இல்ல. நான் பயப்படல. ஏன்னா மிஷினு மாட்டுன அன்னைக்கே ரெண்டாவதா வேற ஒரு குரூப் அட்ரஸும் கொடுத்து வச்சிருந்தேன். முதல் குரூப் கிடைக்கலன்னா மிஷினு தானா ரெண்டாவதுக்குப் போயிடும். இத மூணு பேர்ட்டயும் அன்னைக்கே சொன்னேன். பாய் வீட்டு பிரியாணி தட்டோட மூணு பேரும் நல்லா தலையாட்டுனாங்க.

ஆனா ரெண்டாவது குரூப் பக்கத்துல பாத்தா ஏதோ கொஞ்சம் ஏறும், உடனே நின்னுடும். திரும்பக் கொஞ்சம், திரும்ப நின்னுடும். வெல்டிங்காலதான்னு நெனச்சேன். பட்டறையில வெல்டிங் செட்டு போட்டா டியூப்லைட்டே ஒரு தடவ கண்ண சிமிட்டும். பாய்ட்ட சொன்னா, "அப்போ கிரில் கேட்டை நான் பசை போட்டா ஒட்டறது?"ங்கறாரு.

வியாழக்கிழம கோமளா மேடம் கூப்ட்டாங்க. கத்தல. கத்துனா பரவால்ல, மெதுவா பேசுனாங்க.

"ராஷித், எனக்கு க்ளியரா ஒண்ணு சொல்லு. ஷெட்ல மிஷின் ஓடுதா?"

"ஓடுது மேடம்."

"என் ஆப்ல ஸீரோ. நாலு நாளா ஸீரோ. ஓடற மிஷின் எங்க போய் சேருது?"

"ரெண்டாவது குரூப்புக்குப் போகுது மேடம், ஆனா..."

"ஆனா என்ன? ரெண்டாவது குரூப் யாரோடது? உன்னோடதா?"

லாத்தா, அந்தக் கேள்வி என்னத் திருடன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அவங்க, "நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன். ஜும்மா முடிஞ்சதும் பாயும் இருக்கட்டும். என் ரெண்டையும் எடுத்துக்கறேன்"னு வச்சுட்டாங்க. சரவணக்குமார் அண்ணனும் தன்னோடத எடுத்துக்கறேன்னு குட்டியானை வண்டிக்கு சொல்லிட்டாரு. பாய் ஒத்த மிஷின வச்சுக்கிட்டு எனக்கு சம்பளம் தருவாரா?

வெள்ளிக்கிழம நான் ஜும்மா விடல உம்மா. கிட்டவே சீக்கிரம் முடியற பள்ளி ஒண்ணு இருக்கு, அங்க தொழுதுட்டு நேரா ஷெட்டுக்கு வந்துட்டேன். பாய் பூந்தமல்லி பெரிய பள்ளிக்குப் போயிருந்தாரு. பட்டறை மூடியிருந்துச்சு. வெல்டிங் இல்ல, சுத்தியல் சத்தம் இல்ல, மிஷினு சத்தம் மட்டும்தான். குரூப் சர்வரு அன்னைக்கும் படுத்துத்தான் கெடந்துச்சு.

நான் பாத்துக்கிட்டே இருக்கேன், பாயோட மிஷினு சட்டுனு நின்னுச்சு. ஃபேன் சத்தம் அடங்குது, அப்புறம் தானா விர்ருன்னு கெளம்புது. டியூப்லைட்டு சிமிட்டவே இல்ல. கொஞ்ச நேரத்துல கோமளா மேடத்தோடது ரெண்டும் ஒண்ணா நின்னு ஒண்ணா கெளம்புது. அப்புறம் சரவணக்குமார் அண்ணனோடது. வெல்டிங்கே இல்லையே, யாரு நிறுத்தறா? ஒரு நிமிஷம் எனக்கு ஜின்னு ஞாபகமெல்லாம் வந்துடுச்சு, சிரிக்காதீங்க.

அடுத்த தடவ பாயோடது நின்னப்ப காத வச்சுக் கேட்டேன். செவுத்துல டிக்குன்னுச்சு. ப்ளக்கு!

சரவணக்குமார் அண்ணன்தான் அந்த ப்ளக்க மாட்டுனாரு. ஃபோன்லேர்ந்தே ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாம். மிஷினு தொங்கிடுச்சுன்னா வீட்லேர்ந்து ஓடி வர வேணாம்னு அவங்கவங்க மிஷினுக்கு அவங்கவங்க ஃபோன்ல பட்டன். நல்லதுக்குத்தான் போட்டாரு.

பாய் பள்ளியில இருக்காரு, அவரா அமுக்குவாரு? பக்கத்துத் தெருவுல இருக்கற அவரு வீட்டு நம்பருக்குப் போட்டேன். பாயோட சம்சாரம் வஹீதுன்னிசா மாமி எடுத்தாங்க.

"மாமி, பாய் ஃபோனு வீட்லயா இருக்கு?"

"இங்கதான் தம்பி. பள்ளிக்கு எடுத்துட்டுப் போனா அங்கயும் நோண்டுவாருன்னு நான்தான் புடுங்கி வச்சேன். ஏன்?"

"அதுல மிஷினு பட்டன யாராச்சும் அமுக்குனீங்களா?"

"நான்தான் அமுக்கறேன். ஸீரோ காட்டுனா அமுக்கு, எந்திரிக்கும்னு சொல்லிட்டுப் போனாரு. அரிசி களைஞ்சிட்டு ஒரு தடவ, தம் போட்டுட்டு ஒரு தடவ. இப்பக்கூட அமுக்குனேன். எந்திரிக்கவே மாட்டேங்குது. உன் மிஷினுக்கு என்ன தம்பி, நோன்பா?"

எல்லாம் விளங்கிடுச்சு லாத்தா. அவங்க ஆப் முதல் குரூப்ப மட்டும்தான் காட்டும். அது படுத்தா ஸீரோதான் காட்டும். மிஷினு ரெண்டாவது குரூப்புல போய் ஒழுங்கா வேலை பாத்துக்கிட்டிருக்கும், அது இவங்க ஃபோன்ல தெரியாது. ஸீரோவப் பாத்து செத்துடுச்சுன்னு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க. மிஷினு எந்திரிச்சு, சூடேறி, முதல் குரூப்பத் தட்டிப் பாத்து, திறக்கலன்னு ரெண்டாவதுக்குப் போய் இப்பத்தான் கயிறப் பிடிக்கும், அதுக்குள்ள அடுத்த டிக்கு. நாலு நாளா மூணு வீட்லயும் இதே வேலை. ஒருத்தர் அமுக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது.

ஃபோன் போட்டு சொல்லலாம். நம்புவாங்களா? கோமளா மேடம், "நான் அமுக்கறதாலதான் போச்சுங்கறியா"ன்னுதான் கேப்பாங்க. அதனால நான் மெயின ஆஃப் பண்ணிட்டு, நாலு ப்ளக்கையும் கழட்டிட்டு, மிஷின நேரா சுவத்து சாக்கெட்டுலயே சொருகி ஓட விட்டேன். அடுத்தவங்க பொருளு. அதுவும் அவங்க ஃபோன்ல இப்ப ஸீரோ மட்டும் வராது, ப்ளக்கே காணோம்னும் வரும். திருட வந்தவன் செய்யற மொத வேலையும் இதேதான்.

ரெண்டாவது குரூப் பக்கத்துல கணக்கு தெரிய கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள வந்துட்டாங்க. கோமளா மேடம் ஸ்கூட்டில, ஹெல்மெட்டக்கூட கழட்டல. பின்னாடியே குட்டியானை, முன் சீட்ல சரவணக்குமார் அண்ணன். பாயும் தொப்பியோட வந்து நின்னாரு.

"இன்னா தம்பி, என் ப்ளக்கு எங்க?"ன்னாரு அண்ணன். "ஃபோன்ல ஆளே காணோம்னு வந்துகினு கீது?"

"நான்தான் கழட்டுனேன் அண்ணே. பொட்டியில இருக்கு."

"யார கேட்டு?" இது மேடம்.

"யாரையும் கேக்கல மேடம். கேட்டா ஒத்துக்க மாட்டீங்க. கொஞ்ச நேரம் இருங்க. அதுக்கப்புறமும் ஸீரோன்னா நானே வண்டில ஏத்தித் தரேன்."

எப்படி அவ்வளவு தெளிவா பேசுனேன்னு எனக்கே தெரியல.

"வெயிட்டிங்குக்கு காசு கேப்பான்பா டிரைவர்"ன்னாரு அண்ணன்.

"அவன ரெண்டு வாய் பிரியாணி சாப்ட சொல்லு"ன்னாரு பாய். பக்கத்துத் தெருவுலேர்ந்து மாமி தட்டு அனுப்பறதுக்குள்ள டிரைவர் இறங்கியே வந்துட்டான்.

லேப்டாப்ப வெல்டிங் மேசை மேல வச்சேன். மேல ஒரு பெட்டியில முதல் குரூப், ஸீரோ. கீழ ரெண்டாவது குரூப், அதுவும் ஸீரோ. நாலு பேரும் குனிஞ்சு பாக்கறோம். பாய் மெதுவா, "தம்பி, எனக்கு ரெண்டுமே ஒண்ணாத்தான் தெரியுது"ன்னாரு. மிஷினுங்க ஒரே சுருதியில ஓடுது, ஒரு டிக்கு இல்ல. அத மட்டும்தான் கேட்டுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் கீழ்ப் பெட்டியில ஒரு கோடு எழும்புச்சு. பாயோடது. அப்புறம் அண்ணனோடது. அப்புறம் மேடத்தோடது ரெண்டும். எழும்பி நிக்கல, ஏறிக்கிட்டே போச்சு.

"ஏறுது டா மாமே!"ன்னு அண்ணன் டிரைவர் முதுகுல ஒண்ணு வச்சாரு. பாவம், அவன் வாயில எலும்பு.

மேடம் அசரல. "ஏறுது, சரி. யார் வாலட்டுக்கு ஏறுது?" வாலட்டுன்னா காசு வந்து விழற அக்கவுண்டு, உம்மா.

"உங்க ஃபோன்ல நம்ம கூட்டு வாலட் நம்பர் இருக்குல்ல மேடம், எடுங்க. இதுல இருக்கறத பாய் படிக்கட்டும், நீங்க ஒத்துப் பாருங்க."

பாய் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா படிச்சாரு. அல்ஹம்து ஓதற மாதிரி நிறுத்தி நிதானமா. நடுவுல பி-யா டி-யான்னு மேடம் கேக்க, "பி ஃபார் பீரோ"ன்னாரு. கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துச்சு.

அப்பத்தான் மாமி சொன்னத சொன்னேன். தம் போட்டுட்டு அமுக்குனது வரைக்கும். பாய் தலையில கை வச்சுக்கிட்டாரு. "ஸீரோ வந்தா அமுக்குன்னு நான்தான் சொன்னேன், அவ சொல்பேச்சு கேக்கறது வருஷத்துல ஒரு தடவ, அதுவும் இதுலயா?"

"நான் ஒண்ணும் அவ்ளோ அமுக்கல"ன்னாரு சரவணக்குமார் அண்ணன். "டீ குடிக்க சொல்ல ஒருவாட்டி, சிக்னல்ல நிக்க சொல்ல ஒருவாட்டி..." சொல்லிக்கிட்டே வந்தவரு, தானே நிறுத்திட்டாரு. "தம்பி, தப்பா நெனச்சுக்காத. நான் வண்டி எடுத்துகினு வந்துருக்கக் கூடாது."

மேடம் ஹெல்மெட்ட கழட்டி வண்டி கண்ணாடியில மாட்டுனாங்க. "மீட்டிங்ல இருக்கறப்ப மேசைக்கு அடியில அமுக்கிட்டே இருந்தேன்"னு தரையப் பாத்து சொன்னாங்க. சாரி கேக்கல, நானும் எதிர்பாக்கல.

நான் அப்ப ஒண்ணு சொன்னேன் வாப்பா, இத நீங்க கவனமா கேளுங்க. "மிஷினு இங்க இருக்கறவரைக்கும் சுவிட்சு எங்கிட்ட மட்டும்தான் இருக்கும். ப்ளக்க திருப்பித் தரேன், வீட்ல ஃப்ரிட்ஜுக்கு வச்சுக்கங்க. ரெண்டாவது குரூப் பக்கத்த மூணு பேர் ஃபோன்லயும் இப்பவே ஏத்தித் தரேன். ஸீரோ பாத்தா எனக்குக் கூப்பிடுங்க. பிடிக்கலன்னா வண்டி வாசல்லயே நிக்குது."

பாய் என்னப் பாத்தாரு. அண்ணன் மேடத்தப் பாத்தாரு. மேடம், "ஒரு வாரம் பாக்கறேன்"ன்னாங்க. "ஒரு வாரம்தான், ராஷித்."

"பாருங்க மேடம்."

குட்டியானை காலியாத் திரும்பிப் போச்சு. டிரைவருக்கு பார்சலு வேற கட்டிக் கொடுத்தாங்க மாமி. சர்ஃபராஸ் காக்கா அந்த வழியா வந்தப்ப வாசல்ல வண்டியப் பாத்துட்டு, உள்ள வராமயே உங்களுக்குக் கூப்ட்டிருக்காங்க. காக்காவ திட்டாதீங்க, பயந்துட்டாங்க. ஆனா விசாவுக்கு பாஸ்போர்ட்ட அனுப்ப மாட்டேன்னு வாப்பாட்ட சொல்லிடுங்க. மரியாதையா சொல்லுங்க, ஆனா சொல்லிடுங்க.

இன்னைக்குக் காலையில குரூப் சர்வரு திரும்பப் படுத்துடுச்சு. உடனே சரவணக்குமார் அண்ணன் கூப்ட்டாரு. "தம்பி, ஸீரோ காட்டுது. நான் ஒண்ணியும் பண்ணல. ப்ளக்கும் இல்ல, அமுக்கவும் இல்ல. ஆனா கை நமநமன்னு கீது."

"கைய பாக்கெட்ல வைங்க அண்ணே."

"வச்சுகினுதான் பேசறேன். ஸ்பீக்கர்ல கீற."

மேடம் கூப்பிடல. அந்த நேரத்துல அவங்களுக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கும். நானே கூப்பிடலாமா, வேணாமான்னு ஃபோன கையில வச்சுக்கிட்டு நின்னேன். அவங்ககிட்டேர்ந்து ஒரு படம் வந்துச்சு. ரெண்டாவது குரூப் பக்கத்த அவங்களே ஃபோட்டோ புடிச்சு அனுப்பியிருந்தாங்க, அவங்க கோடு ரெண்டும் ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. கீழ, "மாறிடுச்சு, பாத்தியா?"ன்னு.

நான் இன்னும் லேப்டாப்பக்கூட தொறக்கல.