ஒத்தைக்கை ஒட்டிய கூரை

வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. அக்கா போனில் கேட்டது சாதாரணக் கேள்விதான். "நான் குடுத்த காரை இன்னும் வெச்சிருக்கியா, இல்ல யார் தலையிலயாவது கட்டிட்டியா?" வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தங்கை அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா விடவில்லை. "மேல் துணி இப்பவும் தொங்குதா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

"தொங்குறதாவது! புதுசா போட்டுக்கிட்டிருக்கேன். வீட்லயே. நானே."

அப்படி ஒரு வேலையை அவள் கனவில்கூடத் தொடங்கியிருக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவள் காதில் விழுந்தது.

"ஏய் ஒத்தைக்கை, உனக்கு எதுக்குடி இந்த வேலை? ஒரு கடையில விட்டுடு. நீ கைய வெச்சா பாதியில நிக்கும். அடுத்த வாரம் நான் வந்து இறங்கறப்ப பாதித் துணி என் தலையில விழணுமா?"

"வந்து பாரு" என்று போனை வைத்துவிட்டாள்.

ஒத்தைக்கை என்ற பெயர் வந்த கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாளில் அக்காவுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று உட்கார்ந்தாள். முன்பக்கம் ஆயிற்று, பின்பக்கம் ஆயிற்று, ஒரு கையும் ஆயிற்று. கடையில் வாங்கியதா என்று கேட்கும்படி இருந்தது அந்தக் கை. இன்னொரு கை வரவேயில்லை. அன்றிலிருந்து அவள் ஒத்தைக்கை. பெயருக்கு ஏற்றாற்போல் அவளும் நடந்துகொண்டாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது ஓரவஞ்சனை. அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் பளபளவென்று இருக்கும், அடுத்த சுவர் பழைய சாயத்தோடு நிற்கும். செருப்பு வைக்க அவள் செய்த அலமாரிக்கு ஒரு பக்கம்தான் கதவு. பேருந்து ஓட்டுகிற அவள் கணவர், "இந்த வீட்ல முழுசா முடிஞ்சது நம்ம கல்யாணம் ஒண்ணுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

கார் முதலில் அக்காவுடையது. வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனபோது தங்கையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்போதே முன்னிருக்கைக்கு மேலே கூரையின் உள்துணி பிரிந்து தொங்க ஆரம்பித்திருந்தது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் போதும், துணி பொத்தென்று தலையில் உட்காரும். அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். வேகத்தடை வந்ததும் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, மற்றது தானாக மேலே போய்த் துணியைத் தாங்கிக்கொள்ளும். பேச்சு பேச்சாகவே இருக்கும். தங்கை கைக்கு வந்த பிறகு தொங்கல் பின்னிருக்கை வரை பரவியது. குண்டூசி குத்தினாள், அதுவும் முன்பாதி வரைக்கும்தான்.

சனிக்கிழமை காலை வாசலில் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை நேராக உட்கார வைக்கிறவளுக்கு நுணுக்கமான திருகாணி ஒரு பொருட்டில்லை. வெயில்மறைப்பு, கைப்பிடிகள், நடுவிளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் திருகாணியைத் தனித்தனி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினாள். எல்லாம் கழன்றதும் கூரையின் உள்பக்கம் மொத்தமும் ஒரே அட்டையாக இறங்கிவந்தது. இருக்கைகளை மடக்கிப் படுக்கப்போட்டு, பின்கதவு வழியே கணவரும் அவளும் அதை வெளியே எடுத்தார்கள்.

"மெதுவாங்க, மடங்கினா போச்சு."

"இவ்வளவு பெரிய பஸ்ஸையே சந்துல திருப்புறவன் நான். எனக்கே சொல்றியா?" என்றவர் தும்மினார். துணியின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு வெயிலில் வெந்து மாவாகிப் போயிருந்தது. தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. துணியை உரித்துவிட்டு, அட்டையில் மிச்சமிருந்ததைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். மத்தியானத்துக்குள் இருவருடைய புருவமும் மஞ்சளாகிவிட்டது.

துணி வாங்கப் போனது இருக்கை உறை விற்கும் கடைக்கு. கடைக்காரர் விவரமானவர். கண்ட துணியும் ஆகாது, ஸ்பாஞ்சு ஒட்டியே வருகிற துணிதான் குழிவிலும் வளைவிலும் இழுத்த இழுப்புக்கு வரும் என்றார். வெயிலைத் தாங்குகிற பசையை எடுத்து வைத்தார். பிறகு, "ஒட்டப்போறது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அப்படியா. அப்ப துணி கொஞ்சம் சேர்த்தே வாங்கிக்குங்க. வீணாப்போகும்."

அவளுக்கு மூக்கு விடைத்தது. "தேவையான அளவு குடுங்க, போதும்" என்றாள். ரோஷம் வந்தால் அவளுக்குக் கண் மண் தெரியாது. கடையை விட்டு இறங்கிய பிறகுதான், ஒரு தப்பு செய்தாலும் திருத்தத் துணி இல்லை என்பது புத்தியில் ஏறியது.

அட்டையைப் போட வீட்டில் சாப்பாட்டு மேசையை விட்டால் வேறு இடமில்லை. மேசைக்கு இரண்டு பக்கமும் அது நீட்டிக்கொண்டிருந்தது. துணியை மேலே விரித்து, ஓரங்களைச் சரிபார்த்து, பாதியை மடித்துப் போட்டாள். இந்த வேலையை அப்படித்தான் செய்ய வேண்டும். முதலில் ஒரு பாதிக்குப் பசை பூசி ஒட்ட வேண்டும், அப்புறம் மறுபாதியை மடித்து அதற்குப் பூச வேண்டும். மொத்தத்துக்கும் ஒரேயடியாகப் பூசினால் துணி கண்டபடி பிடித்துக்கொள்ளும். கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். "உனக்காகவே யாரோ யோசிச்சுக் கண்டுபிடிச்ச வேலை மாதிரி இருக்கு" என்றார். அவள் பார்த்த பார்வையில் அடுக்களைக்குப் போய்விட்டார்.

முன்பாதி ஒட்டினாள். அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் பசை பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவி நீவிப் படியவைத்தாள். நடுவிளக்குக்கான குழியில்தான் எல்லோருக்கும் சுருக்கம் விழும். அவள் முதலில் குழிக்குள் துணியை அமுக்கிவிட்டுப் பிறகு சுற்றிலும் நீவினாள். ஒரு சுருக்கம் இல்லை. எழுந்து நின்று பார்த்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. பசை டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

மறுநாள் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் தொடவில்லை. கேட்டால், கடையில் வேலை அதிகம் என்றாள், மழை வரும்போல இருக்கிறது பசை காயாது என்றாள். மேசையில் அட்டை கிடந்ததால் புருஷனும் பெண்டாட்டியும் அடுக்களையில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். கூடத்துச் சுவரையும் அலமாரியையும் பார்த்துப் பழகிய கணவர், இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது என்று நினைத்திருப்பார். அக்கா வருகிற நாள் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏன் நிறுத்தின? உண்மையச் சொல்லு."

"நேரமில்லைன்னு சொன்னேன்ல."

"நேரம் இருக்கு. இப்பகூட இருக்கு."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது. "பாதி எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க. மீதிய நான் தொட்டு, அது கோணிக்கிச்சுன்னா இதுவும் வீண்தானே? துணிகூட மிச்சமில்ல. இப்படியே இருந்தா, பாதியாவது நல்லா இருக்கு." அவளும் தட்டைக் கீழே வைத்தாள். "அந்த ஸ்வெட்டரும் அப்படித்தான். முதல் கை அவ்வளவு நல்லா வந்துச்சு. ரெண்டாவது கை அது மாதிரி வராதுன்னு பயமா இருந்துச்சு."

இத்தனை வருஷமாக எல்லோரும் அவளைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தார்கள். அவரும் நினைத்திருந்தார். அதற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்.

"பாதி வழியில பஸ்ஸ நிறுத்தி, இதுவரைக்கும் எவ்வளவு நல்லா ஓட்டிட்டு வந்தேன் பாத்தீங்களா, எல்லாரும் இறங்குங்கன்னு நான் சொன்னா, சும்மா விடுவாங்களா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். "மரியாதையா வந்து துணியப் பிடிங்க" என்றாள்.

அவருக்குக் கொடுத்த வேலை துணியின் மறுபாதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆடக்கூடாது, தும்மக்கூடாது, முடிந்தால் மூச்சே விடக்கூடாது. அவள் மடிப்பு ஓரம் வரை பசையைக் கொண்டுபோனாள். அங்கே தேங்கினால் நடுவில் ஒரு கோடு தெரியும். பதம் வந்ததும் "விடுங்க, கொஞ்சங் கொஞ்சமா" என்றாள். துணி இறங்க இறங்க உள்ளங்கை அதன் பின்னாலேயே ஓடியது. பின்மூலையில் ஒரு சுருக்கம் முளைத்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் பசை இறுகுவதற்குள் மூலையைப் பிடித்து உரித்தாள், இழுத்தாள், மறுபடி நீவினாள். சுருக்கம் போன இடம் தெரியவில்லை. நடுக்கோடு எங்கே என்று குனிந்து பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். அதுவும் இல்லை.

"மூச்சு விடலாமா?" என்றார் கணவர்.

ஓரத்தைப் பின்னால் மடித்து ஒட்டி, விளக்குக்கும் கைப்பிடிகளுக்கும் விரலால் தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துக் கீறி, வெள்ளிக்கிழமை விடிந்ததும் காருக்குள் ஏற்றிப் பூட்டினாள். கண்ணாடிக் கூடுகளில் ஒரு திருகாணிகூட மிச்சம் விழவில்லை. பின்னிருக்கையில் போய் உட்கார்ந்து மேலே பார்த்தாள். இதை நான் செய்தேன், முழுதாகச் செய்தேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். கேட்க ஆளில்லாவிட்டால் என்ன.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அவளே பாத்துக் கேக்கணும்."

அக்கா வந்தாள், கட்டிக்கொண்டாள், முன்னிருக்கையில் ஏறினாள், பேச ஆரம்பித்தாள். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் குறட்டை, அலுவலகத்து மேலாளர், முழங்கால் வலி, எல்லாம் வந்தது. மேலே மட்டும் பார்வை போகவில்லை. இழுத்து ஒட்டிய கூரையை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? தொங்கினால்தானே கண்ணில் படும். ஓட்டிக்கொண்டிருந்த தங்கை இதை எதிர்பார்க்கவேயில்லை. தொண்டையைச் செருமினாள். நடுவிளக்கைப் போட்டாள்.

"பட்டப்பகல்ல எதுக்குடி லைட்டு?" என்று அக்காவே அணைத்துவிட்டாள். அணைத்த கையோடு முழங்கால் வலிக்குத் திரும்பிவிட்டாள். பின்னால் கணவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் முதல் வேகத்தடை வந்தது. வண்டி ஏறியது. அக்காவின் கை பேச்சோடு பேச்சாகத் தானே மேலே போனது, துணியைத் தாங்க. அங்கே தாங்குவதற்கு ஒன்றுமில்லை. உள்ளங்கை இறுக்கமான துணியில் போய்ப் பட்டது. பேச்சு நின்றது.

கை அங்கேயே இருந்தது. மெதுவாக நகர்ந்து விளக்குக் குழிக்குப் போயிற்று, சுற்றி வந்தது, கதவு ஓரத்துக்கு வந்தது.

"வண்டிய நிறுத்து" என்றாள் அக்கா.

"இங்கயா?"

"நிறுத்துடி."

இறங்கினாள். பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு மூலையாகத் தடவினாள். மாப்பிள்ளையை நகரச் சொல்லி அவர் தலைக்கு மேலேயும் தடவினாள். வேலையை எங்கே பாதியில் நிறுத்தியிருக்கிறாள் என்று அக்கா தேடுகிறாள் என்பது தங்கைக்குத் தெரிந்தது. தேடட்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அக்கா லாரியைப் பார்த்துக் கையைக் காட்டி, தெருவே கேட்கும்படி கத்தினாள். "இருங்கய்யா! என் தங்கச்சி தன் கையால காருக்கு மேல் துணி போட்டிருக்கா! முழுசா போட்டிருக்கா! பாத்துட்டு வரேன்!"

"பிடிச்சுக்கிட்டு நின்னது நான், அண்ணி" என்றார் கணவர். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். வண்டி கொஞ்ச தூரம் போயிற்று. அடுத்த வேகத்தடையில் அவள் கை பாதி எழுந்து மடிக்கே திரும்பியது.

"அந்த ஸ்வெட்டரையும் நூல் மீதியையும் நான் தூக்கிப் போடல" என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "எந்த வீடு மாறினாலும் கூடவே எடுத்துக்கிட்டுப் போனேன். இப்பவும் பெட்டியில இருக்கு. நான் திரும்பிப் போறதுக்குள்ள இன்னொரு கைய முடிச்சுக் குடுப்பியா?"

தங்கை வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். பாதியில் நிற்கும் என்று சொன்னவளே இத்தனை வருஷமாக நூலைக் காத்து வைத்திருக்கிறாள்.

"நூல் நிறம் மங்கியிருக்கும். ரெண்டு கையும் ஒரே மாதிரி வராது, அக்கா."

"வராட்டி போகட்டும். எனக்கு ரெண்டு கையிலயும் குளுருது."

"முடிச்சுடறேன்" என்றாள் அவள். சொல்லும்போது பயம் இருந்தது. ஆனாலும் முடித்துவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டு வண்டியை வேகமாக ஓட்டினாள்.