கோபமே வராதவர்

எங்கள் பத்திரிகையின் பழைய ஆசிரியர் இறந்த செய்தி வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, மாலைக்குள் அரைப் பக்கத்துக்கு அஞ்சலி வேண்டும் என்றார். ஆறு வருடத்துக்கு முன் அவரை வேலையை விட்டு அனுப்பியதும் இதே முதலாளிதான்.

ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. எழுதிக்கொடுப்பதை அவர் படிக்கமாட்டார். மேசைக்கு முன்னால் நிற்கவைத்து நம்மையே வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கினால் பொய். ஒருமுறை அமைச்சர் பேச்சை வாசித்து முடித்தேன். "தூங்கிட்டேன்னு நினைக்காத. தூங்கத்தான் பாக்கறேன், நீ விடமாட்டேங்கிற" என்றார். என் கல்யாணப் பத்திரிகையையும் வாசிக்கவைத்துப் பாதியை அடித்தார். மாமனாரின் பட்டங்கள் மொத்தமும் போயின. பத்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாளாவது நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

இதைத்தான் எழுதினேன். காலையில் அவர் மனைவி தொலைபேசியில் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: அவரை அவராகவே எழுத வேண்டும். வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதலாளி படித்தார். திட்டு, நக்கல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் போயிற்று. "செத்தவரப் பத்தி இப்படியா எழுதறது?" என்றவர், தானே இட்டு நிரப்பினார்: பண்பின் சிகரம், மென்மையின் மறுவடிவம், கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. நடுவே முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் கண்கலங்கியதாக ஒரு பத்தி. இருவர் படமும் வந்தது, முதலாளியுடையது பெரிது. கீழே என் பெயர்.

மறுநாள் விடிந்ததும் அந்த அம்மா அழைத்தார்.

"தம்பி, இது யாரு வீட்டுக்காரர்?"

முதலாளி மாற்றிவிட்டார் என்று இழுத்தேன்.

"கோபத்த யாரும் பாத்ததில்லையாம். அப்ப நாப்பது வருஷமா நான் பாத்தது என்ன, சினிமாவா? உன் பேருதானே போட்டிருக்கு. நீயே சரி பண்ணு."

முதலாளியிடம் போய் நின்றேன். அஞ்சலிக்கு யாராவது மறுப்புப் போடுவார்களா என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

இரண்டாம் பக்க மூலையில் திருத்தம் போடுவது என் பொறுப்பு. விளம்பரத்தில் தேதி தப்பு, பரிசு வாங்கிய மாணவியின் வகுப்பு தப்பு என்று வரும் அந்தக் கட்டத்தை முதலாளி அச்சுக்கு முன்னும் படிப்பதில்லை, பின்னும் படிப்பதில்லை. நாலு வரிக்கு மேல் இடமும் இல்லை. பத்து வருடத்தை இதற்குள்ளா அடைப்பது என்ற எரிச்சலோடு எழுதி அனுப்பினேன்:

"எங்கள் முன்னாள் ஆசிரியர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்று நேற்று வெளியானது தவறு. தினமும் கோபப்பட்டார். பாதி நேரம் நாங்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினோம். வருந்துகிறோம்."