சேவல் நின்ற ரொட்டி

...இல்லை, மாவில் ஏணி முத்திரையைத்தான் குத்தியிருப்பேன், குத்தாமல் எப்படி, என்று ஊர்ப் பொது அடுப்பின் முன்னால் நின்று நுத்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் அடுப்புக்காரன் கீனோ நீளத் துடுப்பால் வெளியே இழுத்துப் போட்ட ரொட்டியின் முதுகில் கொண்டையும் வாலுமாகச் சேவல் நின்றது, செத்துப்போன முதல் புருஷன் வான்னி வீட்டுச் சேவல். கொள்ளைநோய்க்கு முன்னால் இந்தப் பலகை நிறைய ரொட்டி, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டு முத்திரை, பிறை, கத்தரிக்கோல், மணி... பெயர் சொல்லிக் கூவியே கீனோவுக்குத் தொண்டை கட்டும், இப்போது அந்தப் பலகையில் பூனை படுத்துத் தூங்குகிறது. "என்ன நுத்தா, வான்னி எந்திரிச்சு வந்துட்டானா? வந்தா அனுப்பு, எங்க பகடை ஆட்டம் பாதியில நிக்குது" என்று கீனோ சிரித்தான், சிரித்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டான், அவன் வீட்டில் மட்டும் யார் மிச்சம்.

நோய் வந்த அந்தக் கோடையில் அவளுக்குப் புருஷன் போனான், லாப்போவுக்குப் பெண்டாட்டி தெஸ்ஸா போனாள், ரெண்டு வீட்டில் ரெண்டு விளக்கு எதற்கு என்று மிஞ்சியவர்கள் சேர்த்துவைத்தார்கள், கல்யாண ஜெபம் சொல்லப் பாதிரியார்கூடப் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டியிருந்தது. அன்று லாப்போ கையில் கொடுத்தது தன் வீட்டு ஏணி முத்திரை. நல்ல மனுஷன், குளிரில் அவள் பக்கமே போர்வையைத் தள்ளுகிறவன், அவன் மாவில் இன்னொருவன் அடையாளத்தைக் குத்தினால் இவள் இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை என்று நினைக்கமாட்டானா... மாவுத் தொட்டியில் ரெண்டு முத்திரையும் கிடந்தன, விடியல் இருட்டில் கை எதையோ எடுத்தது, அவ்வளவுதானா.

தாடியெல்லாம் கம்பளிப் பஞ்சோடு லாப்போ கூடையை நீட்டினான், ரொட்டியைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். "கை தவறிடுச்சுங்க" என்றாள். "வான்னி ரொட்டியா... நான் தின்னா கோவிச்சுப்பானா?" "அவரா, பாதியப் பிச்சுக் கையில திணிப்பாரு." "அப்ப சரி" என்று சுடச்சுட ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு ஊதி ஊதி மென்றான், சேவல் இருந்த நடுத்துண்டை மட்டும் அவளிடம் கொடுத்தான்.

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சூடு உள்ளங்கையில்... சேவல் முத்திரையின் பிடியில் அவள் கட்டைவிரல் வந்து உட்காரும் பள்ளம் ஒன்று உண்டு, குத்திக் குத்தி விழுந்தது, இருட்டில் கை தேடியது அதைத்தான், அப்படியென்றால் ஏணியின் பிடியிலும் ஒரு பள்ளம் இருக்கிறதே, அவளுடையதைவிடச் சின்னதாக, தெஸ்ஸாவின் விரல் குத்திக் குத்தி விழுந்தது, இத்தனை நாளும் அதில் விரல் படாமல் ஓரமாகப் பிடித்தே குத்திவந்தாள், ஏனென்று நினைத்துப் பார்த்ததில்லை... முன்னால் நடக்கிறவன் அவள் அப்படி ஓரமாகப் பிடிப்பதைப் பார்த்திருப்பானோ.