மேளத்தின் நிறங்கள்

சுடர்விழி ஸ்டூலில் ஏறி, பந்தல் காலில் மைக்கையும் புரொஜெக்டரையும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஃப்ரீசர் பெட்டிக்குள் அவளுடைய அப்பா வீரையன் படுத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து தம்பி இனியவன் வந்து சேர்ந்த பிறகு, காலையில்தான் எடுப்பதாக இருந்தது.

“என்னத்தம்மா கட்டுற?” என்றார் பெரியப்பா.

“மேளம் அடிக்க அடிக்க எதிர்ச் சுவத்துல வெளிச்சமா ஓடும் பெரியப்பா.”

“பெங்களூர் கிளப்புல ஆடுறவங்களுக்குப் போடுவியே, அதுவா? சாவு வீட்டுலயா?”

“அம்மாவுக்குத்தான் காது கேக்காதே. பாக்கட்டும்னுதான்.”

பெரியப்பா குனிந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா ராமாயிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரத்தநாட்டுப் பக்கம் எந்தத் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம் எழுந்தாலும் வீரையன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஆட இறங்கிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கால் போகிற போக்கைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். எது அவரை அப்படி ஆட்டுகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

இருட்டத் தொடங்கியதும் மேளக்காரர் ராஜ்குமார் தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்துவந்து நின்றார். முதல் அடி விழுந்தது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பெரிய சிவப்பு வட்டம் ஒன்று வெடித்து விரிந்தது. குச்சி படபடத்தபோது மஞ்சள் பொறிகள் சிதறின. பந்தலே திரும்பிப் பார்த்தது. ராஜ்குமார் வேண்டுமென்றே நிறுத்தினார், சுவர் இருண்டது. மறுபடி அடித்தார், பற்றிக்கொண்டது. அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை.

சுடர்விழிக்கு எந்த மேடையிலும் வராத படபடப்பு. அம்மா குச்சியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி குச்சியை. சட்டென்று எழுந்து ராஜ்குமாரிடம் போனாள். மீசையை முறுக்குவதுபோல் விரலைச் சுழற்றினாள். அப்பாவை அவள் அப்படித்தான் சொல்வாள். பிறகு காலைத் தூக்கித் தட்டி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

“என்ன சுடரு கேக்குறாங்க?”

“அப்பா ஆடுவாருல்ல, அந்த அடிண்ணே. அதை அடிங்க.”

ராஜ்குமார் அடித்தார். சிவப்பும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு சுவரின் உச்சிவரை பாய்ந்தன. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

ராமாயி பெட்டியருகே திரும்பி வந்தாள். பெட்டிக்குள் தெரிந்த வீரையன் முகத்துக்கும் சுவருக்கும் நடுவே கூட்டம் நின்றிருந்தது. ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு விலக்கிவிட்டாள்.