டொக்டர் எழுதிய ஒற்றைச் சொல்

டொக்டர் தந்த துண்டில் ஒரே ஒரு சொல்: 'ட்ரெமர்'. குருநகர் மக்டலீன் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புருஷன் சிமியோனுக்கு வந்திருப்பது சாவு வருத்தமோ, ஆளைக் கொல்லும் நோயோ?

ஊரடங்கு நீங்கியதும் அவனையும் இழுத்துக்கொண்டு, முன்பு கோயிலில் லத்தீன் பாட்டுப் படித்த நீக்கிலாப்பிள்ளையிடம் ஓடினாள்.

அவர் துண்டை வாங்கிப் பார்த்தார். "லத்தீனிலை இருந்து வந்த சொல்லு, மகள். செத்தவீட்டுப் பூசையிலை படிக்கிறனாங்கள்."

மக்டலீனுக்குக் கண் இருண்டது.

"பொறு, பொறு! நடுக்கம் எண்டுதான் கருத்து. கை நடுங்கினாலும், குரல் நடுங்கினாலும், நிலம் நடுங்கினாலும் இதே சொல்லுத்தான். வருத்தத்தின்ரை பேர் இல்லை."

சிமியோன் கொதித்தான். "கை நடுங்குதெண்டு நான்தானே அவருக்குச் சொன்னனான்! அதையே இங்கிலீசிலை எழுதித் தந்திருக்கிறார்!"

மக்டலீன் துண்டைப் பறித்து இடுப்பில் செருகினாள். "எழும்புங்கோ. வருத்தத்தின்ரை பேரைக் கேட்டுக்கொண்டு வருவம்."