முதிரைப் பலகையில் வெள்ளைச்சி

லாபிர் வீடுகளுக்குப் பலகைத் தரை போடுகிறவன். இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்று ஊருக்கு விளங்கப்படுத்தவே அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கட்டாரில் பதினொரு வருடம் பெரிய பெரிய ஹோட்டல்களுக்குத் தரை போட்டுவிட்டு முல்லைத்தீவு நீராவிப்பிட்டிக்குத் திரும்பி வந்தவன், சின்ன வான் ஒன்றின் பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டு போகாத ஒழுங்கை இல்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "கறையான் தின்னாதோ?" தின்னாது என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்ததுதான் மிச்சம். சனம் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு மாபிள் பதித்தது. அவன் கதவு சீவியும் கட்டில் பூட்டியும் காலத்தை ஓட்டினான்.

பழைய ஃபோர்மன் கட்டாரிலிருந்து அழைப்பு எடுத்தபடி இருந்தான். மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்றான். "இந்த வேலையும் சரிவரேல்லை எண்டால் நீங்கள் போகத்தான் வேணும்" என்று மனைவி ஸாஜிதா சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் போக விருப்பமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"இந்த வேலை" என்றால், முத்தையன்கட்டில் தங்கராசாவின் புது வீடு. தங்கராசா குளத்துத் தண்ணியில் நெல் விதைக்கிறவர், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கனடாவில் இருக்கும் மகன் நிரஞ்சன்தான் ஹோலுக்குப் பலகை என்று ஒற்றைக்காலில் நின்றான். லாபிர் நல்ல முதிரை மரப் பலகையாகத் தெரிந்து எடுத்து, ஹோலுக்குள் அடுக்கி, மூன்று கிழமை தொடாமல் விட்டான். பலகை அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகவேண்டும், இல்லாவிட்டால் மாரிக்கு ஊதி எழும்பிவிடும். தங்கராசாவோ, ஆள் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்று மூன்று கிழமையும் படலையில் நின்று முறைத்தார்.

பலகையைத் தரையில் பூட்டி முடிந்த பிறகுதான் லாபிருக்குப் பெருமை தலைக்கேறியது. வார்னிஷ் இரண்டு பூச்சே போதும். அவன் ஐந்து பூசினான். ஐந்தாவது பூச்சு முற்றிலும் அவனுடைய சொந்த ஆசை. புதுவீடு புகுகிற குடிபூரலுக்கு ஒட்டுசுட்டானிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அதில் பாதிப்பேர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள். அவர்கள் குனிந்து தங்கள் மீசையைத் தரையில் பார்க்கவேண்டும் என்பது அவன் திட்டம். முக்கியமாக, அடுத்த காணிக்கார அப்புத்துரை பார்க்கவேண்டும். அப்புத்துரை இரண்டு மாடி கட்டுகிறார்.

குடிபூரலன்று லாபிர் விடிய ஐந்தரைக்கே வந்துவிட்டான். ஓமத்துக்குத் தகரம் விரித்து, அதன்மேல் மணல், அதன்மேல் செங்கல். பால் பொங்கி வழிய அகலத் தட்டு. தேங்காய் உடைப்பதென்றால் முற்றத்தில். எல்லாவற்றுக்கும் மருந்து வைத்திருந்தான். மாட்டை மட்டும் மறந்துபோனான். சின்ன வயதில் எத்தனை வீட்டுக் குடிபூரலில் மாடும் கன்றும் முதலில் உள்ளே போவதைப் பார்த்தவன். ஆனால் அதெல்லாம் சீமெந்துத் தரை. கட்டார் ஹோட்டல்களுக்குள் மாடு வருவதில்லை.

வெள்ளைச்சியைக் கன்றோடு கூட்டிவந்தது தங்கராசாவின் மனைவி ஞானேஸ்வரி. இந்த நாளுக்கென்றே இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் வாங்கி வளர்த்த மாடு. கொம்புக்குக் குங்குமம், கழுத்துக்கு மாலை. வெள்ளைச்சி நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். குளம்பு வழுக்கியது. முன்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் போக, பயந்து, பின்னால் நின்ற மேளகாரரையும் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

லாபிர் ஓடிப்போய் வானிலிருந்து நீலப் பிளாஸ்டிக் படங்கை எடுத்து விரித்தான். அது சரசரத்த சத்தத்துக்கே மாடு மிரண்டது. சாக்கு விரித்தார்கள். பளபளத்த தரையில் சாக்கும் சேர்ந்து வழுக்கியது. ஐயர் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். சுபநேரம் முடிய இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

"அம்மா, மாட்டை வீட்டைச் சுத்திக் கொண்டுவருவம். அதுவும் சரிதானே ஐயா?" என்றான் குடிபூரலுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த நிரஞ்சன். ஐயர் சரியென்றும் சொல்லாமல் பிழையென்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்.

லாபிருக்கு அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் பால் வார்த்ததுபோல் இருந்தது. தரை தப்பியது. ஆனால் ஞானேஸ்வரி மாட்டுக் கயிற்றை விடவில்லை.

"முதல் வீட்டுக்கு மாடு கிடைக்கேல்லை" என்றாள் அவள், யாருக்கென்று இல்லாமல். "ரெண்டாவதுக்கு ஐயர் கிடைக்கேல்லை. மூண்டாவதுக்குக் கூரையே கிடைக்கேல்லை, படங்குக்குக் கீழதான் பால் காய்ச்சினனான். மூண்டையும் சண்டைக்குள்ளை விட்டிட்டு ஓடினம். இதுக்கு எல்லாம் இருக்கு. மாடு உள்ளுக்கு வருகுதில்லை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் லாபிர் ஒருவேளை பேசாமல் நின்றிருப்பான். அவன் வாப்பாவும், தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, ஒரு வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர்தான். திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை. தன்னுடைய ஐந்தாவது பூச்சை நினைத்து லாபிருக்கு வெட்கமாக வந்தது.

அவன் வானுக்குப் போய் அறுபதாம் நம்பர் சாண்ட் பேப்பர் ஒரு சுருளோடு வந்தான். நிலைப்படியில் முழங்காலை ஊன்றி, தன் கையால் பூசிய கண்ணாடியைத் தன் கையாலேயே தேய்க்கத் தொடங்கினான்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?" நிரஞ்சனின் குரல் உடைந்தது.

"மாட்டுக்குப் பிடிப்பு வேணும், தம்பி."

"மெசின் இல்லையோ?"

"இருக்கு. அந்தச் சத்தத்துக்கு மாடு நெடுங்கேணியிலதான் நிக்கும்."

நிலைப்படியிலிருந்து சாமியறை வரை இருபத்திரண்டு அடி. ஒரு ஆள் இருபது நிமிடத்தில் தேய்க்கிற வேலையல்ல. லாபிர் இரண்டு அடி முன்னேறியபோது பக்கத்தில் ஒரு பட்டு வேட்டி வந்து முழங்காலில் இருந்தது. தங்கராசா. "எனக்கும் ஒரு துண்டு கிழியுங்கோ" என்றார். மூன்று கிழமை முறைத்த மனிதர். பிறகு நிரஞ்சன் வந்தான், பிறகு மேளகாரர், கடைசியில் அப்புத்துரையும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். சந்தனமும் திருநீறும் பூசி வந்த சனம் வார்னிஷ் தூளும் பூசிக்கொண்டது. ஐயர் மட்டும் நின்றபடி நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு நிமிடம் இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்தார்கள். மின்னும் ஹோலுக்கு நடுவில் இரண்டடி அகலத்தில் சாம்பல் நிறமாக ஒரு பாதை கிடந்தது. வெள்ளைச்சி மூக்கை வைத்து மணந்து பார்த்தாள். ஒரு காலை வைத்தாள், எடுக்கவில்லை. மற்றக் காலையும் வைத்தாள். கன்று அவளுக்குப் பின்னால் ஓடிவர, ஞானேஸ்வரி கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். சாமியறை வாசலுக்குப் போனதும் வெள்ளைச்சி நின்று, வாலைத் தூக்கி, சரியாகப் பாதைக்கு வெளியே, பளபளத்த பலகையில் சாணம் போட்டாள்.

சபை முழுக்கச் சந்தோசத்தில் சிரித்தது. "இதைவிட நல்ல சகுனம் இல்லை" என்றார் ஐயர். லாபிர் தலையில் கைவைத்துக்கொண்டு தானும் சிரித்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் அப்புத்துரை அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். "என்ரை மனிசிக்கு முழங்கால் வருத்தம்" என்றார். "காலமை உந்தப் பளபளப்பைப் பார்த்திட்டுப் பலகை வேண்டாம் எண்டுதான் நினைச்சனான். மாடு நடந்த இடம் மாதிரி வீடு முழுக்கப் போடலாமோ?"

"போடலாம், அண்ணை" என்றான் லாபிர். ஐந்து பூச்சுப் பூசிப் பிடிக்கமுடியாத மனிதர் ஒரு சாண்ட் பேப்பரில் விழுந்துவிட்டார்.

போகும்போது ஞானேஸ்வரியிடம் சொல்லிக்கொள்ளப் போனான். "அக்கா, நாளையிண்டைக்கு வந்து அந்த இடத்துக்குத் திரும்பப் பூசிவிடுறன். அடையாளமே தெரியாது."

"வேண்டாம் தம்பி" என்றாள் அவள். "நாலு வீட்டிலை இதொண்டுக்குள்ளதான் முறையாய் வந்தனான். வந்த வழி தெரியட்டும்."

தரையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுகிற லாபிர் மிஞ்சிய சாண்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தான். வானில் ஏறி, கதவைச் சாத்திவிட்டு, ஸாஜிதாவுக்கு அழைப்பு எடுத்தான்.

"நான் போகேல்லை" என்றான்.

"எங்கை?"

"எங்கையுந்தான்."

ஸாஜிதா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடாத குரலில், வரும் வழியில் ஒரு சட்டி தயிர் வாங்கி வரச் சொன்னாள்.